உழைத்த வண்டியும் உயர்த்தும் முறையும்

ஒரு வண்டியின் முதுமையை அதன் பதிவு ஆண்டைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. பொறியை அறிந்தவர் அவ்வாறு அளப்பதில்லை. வண்டி எவ்வளவு தொலைவு ஓடிற்று, எத்தகைய பாதையில் ஓடிற்று, எவ்வளவு பாரம் சுமந்தது, இடையிடையே எத்தகைய கவனிப்பைப் பெற்றது என்னும் நான்கையும் சேர்த்தே அவர் அளப்பர்.

இந்நான்கினாலும் நோக்குமிடத்து, ஜொகூர் மாநிலத் தமிழர் இல்லங்களின் வாயிலில் நிற்கும் சிறிய மோட்டார் சைக்கிள்களுள் பல, தம் ஆண்டுக் கணக்கை மீறி உழைத்தவை எனலாம். விடியுமுன் பால்மரக் காட்டிற்கும் செம்பனைக் காட்டிற்கும் செம்மண் பாதையில் சென்றவை அவை. பிள்ளைகளைப் பள்ளியிலும் நோயுற்றோரை மருத்துவமனையிலும் கொண்டு சேர்த்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் முதலிய இடங்களுக்குக் குடிபெயர்ந்த பின்னர், ஆலை வேலைக்கும், 1924ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஜொகூர்க் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வேலைக்கும் நாள்தோறும் உரிமையாளரைச் சுமந்து செல்வனவும் இத்தகைய வண்டிகளே. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலியும் நிற்கும்.

இத்தகைய வண்டியை உடையவர்முன் இரு வினாக்கள் எழுகின்றன. இதனைக் காப்பது எங்ஙனம் என்பது ஒன்று. இதனை உயர்த்துவது எங்ஙனம் என்பது மற்றொன்று. கையில் சிறிது பணம் சேர்ந்தவுடன் இளைஞர் பலர் இரண்டாம் வினாவிற்கே முதலிடம் தருகின்றனர். அதிலும் வேகத்தையே நாடுகின்றனர். காப்பின் வழியாகவே உயர்வு வரவேண்டும் என்பதையும், முதற்கண் உயர்த்த வேண்டியது நிறுத்தும் ஆற்றலேயன்றி ஓட்டும் ஆற்றல் அன்று என்பதையும் கணக்கினாலேயே மெய்ப்பிக்கலாம்.

கப்சாய் என்னும் வண்டி

மலேசியாவில் சிறிய மோட்டார் சைக்கிளுக்குக் 'கப்சாய்' என்பது வழக்குப் பெயர். ஹோண்டா நிறுவனத்தின் 'கப்' என்னும் வண்டிப் பெயரோடு, சிறியது எனப் பொருள்படும் 'சாய்' என்னும் சீனச் சொல் சேர்ந்து இப்பெயர் அமைந்தது என்பர். சூப்பர் கப் என்னும் அவ்வண்டி 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் பிறந்தது. பொறியமைப்பைச் சோய்ச்சிரோ ஹோண்டாவும், வாணிகத்தைத் தக்கேயோ புஜிசாவாவும் கவனித்தனர். அதன் முதற் பொறி 49 கன சென்டிமீட்டர் கொள்ளளவே உடையது. பினாங்கைச் சேர்ந்த வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவிற்குக் கொணர்ந்து பரப்பினார். 2017ஆம் ஆண்டில் கப் வரிசை வண்டிகளின் உலக உற்பத்தி பத்துக் கோடியை எட்டிற்று.

அவ்வமைப்பின் சிறப்புகள் மூன்று. இடக்கையால் அழுத்தும் கிளட்ச் இன்றி, சுழற்சியின் வேகத்தால் தானே பற்றும் கிளட்ச் அமைந்தமை ஒன்று. காலுக்கு மறைப்பும் செயினுக்கு முழு உறையும் அமைந்தமை மற்றொன்று. 17 அங்குலச் சக்கரங்கள் அமைந்தமை மூன்றாவது. சிறு சக்கரங்கள் விழுந்து எழும் குழிகளில் பெரிய சக்கரம் எளிதில் உருண்டு செல்லும். பின்னர் வந்த சி70, இ.எக்ஸ்.5 முதலியன இந்த வழியிலேயே தோன்றின. தோட்டப் பாதைக்கு இவை பொருந்தியமைக்குக் காரணமும் இதுவே.

எண்ணெயும் காற்றும்

காரில் பொறிக்கு ஓர் எண்ணெயும் கியருக்கு வேறோர் எண்ணெயும் உண்டு. கப்சாயிலோ பிஸ்டன், கியர், கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. அந்த எண்ணெயின் அளவும் ஒரு லிட்டருக்குக் குறைவே. சிறிதளவு எண்ணெய் மூன்று வேலைகளைச் செய்வதால், அது விரைவில் சூடேறிக் கெடுகிறது. ஆதலின் கையேடு குறித்த தொலைவிற்குள் எண்ணெய் மாற்றுதல் இன்றியமையாதது. காருக்குரிய எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்திருக்கும். அவை கிளட்சை வழுக்கச் செய்யும். மோட்டார் சைக்கிளுக்கென ஜப்பானியத் தர அமைப்பு வகுத்த 'ஜாசோ எம்.ஏ.' என்னும் குறி புட்டியில் உள்ளதா எனப் பார்த்து வாங்குவதே முறை.

எண்ணெய்க்கு அடுத்தது காற்று. உலர்ந்த நாளில் செம்மண் பாதையில் எழும் தூசியில் மணற்கூறு உண்டு. அது காற்று வடிகட்டியைக் கடந்து உட்புகுமாயின், பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர்ச் சுவரையும் அரம்போல் அராவிவிடும். வடிகட்டி அடைபட்டாலோ, காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகுந்து, எரிதல் முற்றுப் பெறாது. இந்த நிலையைத் தீப்பொறிப் பிளக்கே எடுத்துக் காட்டும். பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருப்பின் எரிதல் சரியானது. கரிபடிந்து கறுத்திருப்பின் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருப்பின் காற்று மிகுதி, சூடும் மிகுதி. மருத்துவர் நாவை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போன்றதே பட்டறைக்காரர் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும்.

வால்வு இடைவெளி இன்னும் நுண்ணியது. கப் வரிசையின் பழைய சிறு பொறிகளில், பொறி குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய இடைவெளி 0.05 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரை இருபது கூறாக்கினால் ஒரு கூறு இது. இடைவெளி மிகுந்தால் தட்டும் ஓசை எழும். இடைவெளியே இன்றிப் போனால் ஓசை எழாது. ஆனால் வால்வு முழுதும் மூடாமல் கருகும். ஓசையில்லாத பழுதே பெரும்பழுது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இவற்றோடு கடற்பாலப் பயணிகள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. கப்சாய்ப் பொறியைக் குளிர்விப்பது எதிர்வரும் காற்றே. வரிசையில் வண்டி ஊர்ந்தும் நின்றும் செல்கையில் காற்று இல்லை. சூடு மட்டும் ஏறும். நெடுநேரம் நிற்குமிடத்துப் பொறியை அணைத்துவிடுதல் எண்ணெயையும் காக்கும், பெட்ரோலையும் காக்கும்.

செயினின் கணக்கு

செயின் 'நீண்டுவிட்டது' என்பது மக்கள் வழக்கு. உண்மையில் இரும்புத் தகடுகள் நீள்வதில்லை. கண்ணிகளைக் கோத்த ஊசிகளும் அவற்றைச் சூழ்ந்த குழல்களும் தேய்கின்றன. சிறு வண்டிச் செயினில் ஒரு கண்ணியின் நீளம் 12.7 மில்லிமீட்டர், அஃதாவது அரை அங்குலம். செயினில் 100 கண்ணிகள் உள்ளன எனக் கொள்க. ஒவ்வொரு கண்ணியிலும் தேய்வு 0.1 மில்லிமீட்டர்தான்; கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் 100 கண்ணிகளுக்கும் சேர்த்து அது 10 மில்லிமீட்டர் ஆகிறது. அப்போது கண்ணியின் அளவும் பற்சக்கரப் பல்லின் அளவும் ஒன்றோடொன்று பொருந்தா. பல்லின்மேல் செயின் ஏறி அதனைக் கொக்கிபோல் வளைத்துத் தேய்க்கும். தேய்ந்த பல், பின்னர் மாட்டப்படும் புதுச் செயினையும் விரைவில் கெடுக்கும். செயினையும் இரு பற்சக்கரங்களையும் ஒருங்கே மாற்ற வேண்டும் என்பதன் காரணம் இதுவே. செயினை மட்டும் மாற்றுவது சிக்கனம்போல் தோன்றும் செலவு.

அழகு கருதிச் செயின் உறையைக் கழற்றி எறிவோர் உண்டு. ஆண்டு முழுவதும் மழை பெறும் நாட்டில், சேறும் மணலும் படியாமல் செயினைக் காப்பது அவ்வுறையே. கழற்றியவர் அதனை மீண்டும் மாட்டுவதே ஓர் உயர்வாகும்.

பற்சக்கரத்தின் பல்லை மாற்றி வேகத்தைக் கூட்ட முயல்வதும் பெருவழக்கு. முன் சக்கரத்தில் 14 பல்லும் பின் சக்கரத்தில் 35 பல்லும் இருப்பின் விகிதம் 2.5. முன்பல்லை 15 ஆக்கினால் விகிதம் ஏறக்குறைய 2.33. பொறியின் ஒரே சுழற்சிக்கு வண்டி முன்னிலும் நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியாகச் செல்லும். ஆனால் இழுக்கும் விசை அதே அளவு குறையும். சமதளத்தில் தனியாகச் செல்பவருக்கு இஃது ஏற்கலாம். மேடேறும் பாதையில் மனைவி மக்களோடு செல்பவருக்கு ஏலாது.

சிலிண்டரைப் பெரிதாக்கல்

இளைஞரை மிகவும் ஈர்ப்பது சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டனை இடும் முறை. இதன் பயனைக் கணக்கிட்டுக் காண்பது நலம். கார்ப்புரேட்டர் உள்ள பழைய இ.எக்ஸ்.5 வண்டியின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தொலைவு 49.5 மில்லிமீட்டர், கொள்ளளவு ஏறக்குறைய 97 கன சென்டிமீட்டர். விட்டத்தை 53 மில்லிமீட்டர் ஆக்கினால் கொள்ளளவு ஏறக்குறைய 109 ஆகும். கூடியது எட்டில் ஒரு பங்கு. பொறியின் ஆற்றலும் அதே அளவு முழுமையாகக் கூடிற்று என்றே வைத்துக்கொள்வோம்.

மிகு வேகத்தில் வண்டியின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றை எதிர்ப்பதில் செலவாகிறது. அத்தடையை வெல்ல வேண்டிய ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காக வேண்டும். அதன்படி நோக்கின், எட்டில் ஒரு பங்கு ஆற்றல் கூடினால் உச்ச வேகம் நூற்றுக்கு நான்கு பங்கே கூடும். மணிக்கு 80 கிலோமீட்டர் செல்லும் வண்டி 83 கிலோமீட்டர் செல்லும். மூன்று கிலோமீட்டருக்காகவே இத்தனை செலவும்.

இழப்போ பெரிது. சிலிண்டர்ச் சுவர் மெலிகிறது. சூடு கூடுகிறது, சூட்டை வெளியேற்றும் இதழ்களோ முன்பிருந்த அளவே. எரியறையின் அளவு மாறாதிருப்பின், முன்பு 9 மடங்கு அமுக்கப்பட்ட கலவை இப்போது ஏறக்குறைய 10 மடங்கு அமுக்கப்படும். அதனால் முறைகெட்டு வெடித்துப் பொறி தட்டும். சட்டத்தின் நிலையும் எண்ணத்தக்கது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், பதிவில் குறிக்கப்பட்ட பொறியை ஒப்புதலின்றி மாற்றுதல் குற்றம். விபத்து நேருமாயின் காப்புறுதி இழப்பீட்டிற்கும் அஃது இடையூறாகும்.

வேகப் போட்டி தவறன்று. அதற்குரிய இடம் வேறு. கப் வகை வண்டிகளுக்கென்றே 'கப் பிரிக்ஸ்' பந்தயம் 1994 முதல் இந்நாட்டில் நடந்து வருகிறது. ஜொகூரின் பாசிர் கூடாங் ஓடுதளத்தில் 1998ஆம் ஆண்டு உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மலேசியச் சுற்றே நடைபெற்றது. அங்கு எதிரே லாரி வருவதில்லை.

நிறுத்தும் ஆற்றல்

ஓட்டும் ஆற்றலைக் கூட்டியவர், நிறுத்தும் ஆற்றலை எண்ணிப் பார்ப்பது அரிது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளர்வது. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்பவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி கொள்வாராயின், அதற்குள் 17 மீட்டர் கடந்துவிடுவார். நல்ல பிரேக், உலர்ந்த பாதை என்றாலும் அதன்பின் நிற்க ஏறக்குறைய 28 மீட்டர் வேண்டும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 72 ஆக்கினால், முன்னது 20 மீட்டர், பின்னது 40 மீட்டர். 45 மீட்டரில் நின்ற வண்டி 60 மீட்டரில் நிற்கும். அந்தப் பதினைந்து மீட்டருக்குள்தான் குறுக்கே ஓடிய பிள்ளையும், சாலை முனையில் திரும்பும் காரும் இருப்பது.

பழைய கப்சாய்களில் இரு சக்கரங்களிலும் உருளைப் பிரேக்குகளே உண்டு. உள்ளிருக்கும் இரு கட்டைகள் விரிந்து உருளையை உரசி நிறுத்துகின்றன. நீர் புகுந்தால் பிடிப்புத் தளரும். நீரில் சென்ற பின், மெல்ல அழுத்திக்கொண்டே சிறிது தூரம் ஓட்டினால் உராய்வின் சூட்டால் நீர் உலரும். கட்டைகள் எல்லை வரை தேய்ந்ததைக் காட்ட வெளியே முள்ளும் குறியும் உள்ளன. அதனைக் கண்டும் கம்பியை மட்டும் இறுக்கி ஓட்டுவது தன்னைத் தானே ஏமாற்றுவதாகும். தட்டுப் பிரேக் உள்ள வண்டியில், பிரேக் நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் கூடினால் சூட்டில் ஆவி தோன்றிப் பிடிப்பு விட்டுப்போகும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த நீர்மத்தை மாற்றுவது நன்று. நிறுத்தும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால், முன் பிரேக்கே பெரும்பணி செய்வது. பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுவோர் தம் வண்டியின் பாதி வலிமையைக் கூடப் பயன்படுத்துவதில்லை.

பிரேக் சக்கரத்தை நிறுத்தலாம். வண்டியை நிறுத்துவது டயரே. மலிவு கருதியும் தோற்றம் கருதியும் ஒடுங்கிய டயர்களை மாட்டுவது, பாரம் சுமக்கும் வண்டிக்குக் கேடு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருப்பின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். வரிப்பள்ளம் ஆழமாக இருப்பினும், ஆண்டு பல கடந்து இறுகிய இரப்பர் ஈரப் பாதையைப் பற்றாது. இரப்பர் விளைந்த மண்ணில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஒளியைக் கூட்டுதல்

உண்மையான உயர்வு யாது என்பதற்குப் பழைய சி70 வண்டியின் மின்னமைப்பு நல்ல எடுத்துக்காட்டு. அது 6 வோல்ட் அமைப்பு. 24 வாட் விளக்கு எரிய 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆதலின் அவ்விழப்பு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. துருப்பிடித்த இணைப்புகள் உள்ள பழைய வண்டியில் இதன் பயன் கண்கூடு. ஆனால் விளக்கை மட்டும் மாற்றினால் போதாது. மின்சுருள், மின்னோட்டத்தைச் சீராக்கும் கருவி, மின்கலம், ஊதுகுழல், சைகை விளக்கு ஆகிய அனைத்தும் ஒருங்கே மாற வேண்டும். அவ்வாறே, தேயும் தொடுமுனைகளால் தீப்பொறி எழுப்பும் பழைய அமைப்பை நீக்கி, 'சி.டி.ஐ.' என்னும் மின்னணுத் தீப்பொறி அமைப்பை வைத்தலும் பயனுள்ள மாற்றம். தேய்வதற்குரிய பொருள் ஒன்று அதனால் குறைகிறது.

பகலிலும் முன்விளக்கை எரியவிட்டு ஓட்ட வேண்டும் என்னும் விதி மலேசியாவில் 1992ஆம் ஆண்டு வந்தது. சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடத்தப்பெற்று 1996இல் வெளியான ராடின் உமார் குழுவினரின் ஆய்வு, பிறர் கண்ணில் படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் இதனால் நூற்றுக்கு 29 அளவு குறைந்ததாகக் கண்டது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே என்பதை நினைந்தால், சில வெள்ளி பெறும் விளக்கின் மதிப்பு விளங்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைத் தாக்கிய வெள்ளத்தில் கோத்தா திங்கி, சிகாமட் முதலிய இடங்கள் மூழ்கின. 2023 மார்ச்சிலும் மாநிலம் பெருவெள்ளம் கண்டது. நீர் வடிந்ததும் வண்டியை உதைத்துக் கிளப்பிப் பார்ப்பது இயல்பு. அதுவே வண்டியைக் கொல்லும். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க இயலாது. சிலிண்டரில் நீர் நின்றிருக்குமாயின், பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும். முதலில் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்தது என அறியலாம். அதனை வடித்துப் புதிது ஊற்றி, சிறிது நேரம் ஓட்டி, மறுமுறையும் மாற்ற வேண்டும். கார்ப்புரேட்டர், பெட்ரோல் தொட்டி, காற்று வடிகட்டி, பிரேக் உருளை ஆகியவற்றைத் திறந்து துடைத்து உலர்த்திய பின்னரே கிளப்புதல் முறை.

செலவின் வரிசை

மேற்கூறியவற்றால் உழைத்த வண்டிக்குச் செலவிட வேண்டிய வரிசை புலனாகும். எண்ணெயும் வடிகட்டியும் முதலில். டயரும் பிரேக்கும் அடுத்து. பின்னர்ச் செயினும் பற்சக்கரங்களும். அதன்பின் விளக்கும் மின்னமைப்பும். பாரம் தாங்கும் பின் அதிர்வுதாங்கிகளும் கைப்பிடித் தண்டின் குண்டுகளும் தேய்ந்திருப்பின் அவற்றைப் புதுப்பித்தலும் இவ்வரிசையில் அடங்கும். இத்துணையும் செய்த பின்னும் பணம் எஞ்சுமாயின், நல்ல தலைக்கவசம் வாங்கலாம். 1973 முதல் இந்நாட்டில் சட்டம் வேண்டுவதும் அதுவே.

ஒரு சிறு குறிப்பேட்டில் எண்ணெய் மாற்றிய நாளும், அன்று மானி காட்டிய கிலோமீட்டரும், மாற்றிய பொருளும் எழுதி வைப்பது செலவில்லாத காப்பு. அதனை எழுதும் பொறுப்பை வீட்டுப் பிள்ளையிடம் ஒப்படைத்தால் இன்னும் நன்று. விகிதமும் வட்டத்தின் பரப்பும் இருமடியும் மும்மடியும் அந்தப் பிள்ளை வகுப்பில் கற்பவை. வாயிலில் நிற்கும் வண்டியில் அவை உயிரோடு இயங்குகின்றன. மூன்று கிலோமீட்டர் வேகத்திற்கு எவ்வளவு விலை, பதினைந்து மீட்டர் இடைவெளிக்கு எவ்வளவு விலை என்பதைப் பதினைந்து வயதில் தானே கணக்கிட்டுப் பார்த்தவன், பதினேழு வயதில் பட்டறைக்குச் செல்லும்போது வேறு வகையாகவே பேசுவான்.